கழன்று வர வேண்டிய சப்பாத்து

6 ஜூலை 2024, சனி

இனி இந்த நோட்டில் அவனை ‘லொங்கார் சலீம்’ என்றுதான் எழுதப் போகிறேன். லோரியில் சரக்குக் கட்டுகிற எங்களுக்கு லொங்கார் என்றால் தளர்ந்த முடிச்சு. ஒருவனை அப்படிச் சொன்னால், அவனை நம்பி ஒரு கூடை முட்டைக்கோஸ்கூட ஏற்ற முடியாது என்று பொருள்.

கம்போங் ராஜாவில் தன் அண்ணனின் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் டீ ஆற்றிக்கொண்டிருந்த ஆள். இன்றைக்கு ஈப்போ பக்கம் ஒரு பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் நீர்ச்சறுக்கு கிளப்புக்குக் கோச்சாம். பாலிடெக்னிக்கில் படிக்கப் போன என் மகள் சுபத்ரா போயும் போயும் இவனிடம் மாட்டிக்கொண்டாள். ஒற்றைப் பலகையில் நிற்கிறாள், மோட்டார் போட் இழுத்துக்கொண்டு போகிறது. நன்றாகத்தான் நிற்கிறாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். 28ஆம் தேதி மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்கள்.

பலகையில் கால் நுழைக்க ஒரு ரப்பர் சப்பாத்தைத் திருகி வைத்திருக்கிறார்கள். இழுத்தால் நீளும் நாடா. இன்று படகுத்துறை ஜெட்டியில் சலீம் பலகையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவளை முன்னால் சாயச் சொன்னான். குதிகால் மெதுவாகக் கழன்று வந்தது.

“ஹா, இப்ப சரி லா.”

கழன்று வந்தால் சரியாம்!

“ஏன் தம்பி, கால்ல நிக்காத சப்பாத்து எதுக்கு?” என்றேன்.

“விழும்போது விடணும் கருப்பண்ணே. விடாட்டி பலகை ஒரு பக்கம் போவும், ஒடம்பு ஒரு பக்கம் போவும். நடுவுல மாட்டறது முட்டி.”

வாய் மட்டும் நல்ல இறுக்கம்.

9 ஜூலை, செவ்வாய்

கோலா தெர்லா வளைவில் யாருடைய லோரியிலிருந்தோ தக்காளிக் கூடை உருண்டு ரோடெல்லாம் சிவப்பு. இருபத்தாறு வருஷத்தில் என் கட்டிலிருந்து ஒரு கூடை விழுந்ததில்லை. நின்று பார்த்துச் சிரித்துவிட்டு வந்தேன்.

13 ஜூலை, சனி

இன்று விழுந்தாள். பலகை ஒரு பக்கம் மிதக்கிறது, பிள்ளை ஒரு பக்கம் தண்ணீர் குடித்து இருமுகிறாள். லொங்கார் சலீம் போட்டில் நின்று கை தட்டுகிறான். “அழகா விட்டுச்சு பாத்தீங்களாண்ணே!” இவனுக்குச் சம்பளம் கொடுக்கிறவனைச் சொல்ல வேண்டும்.

திரும்பி வரும் வழியில், சிம்பாங் பூலாய் ஏற்றத்தில், சுபத்ராவிடம் கேட்டேன். “தேர்வன்னைக்குக் கழண்டுக்கிச்சுன்னா?”

“விழுந்தாத்தாம்பா கழலும்.”

விழுந்ததால் கழன்றதா, கழன்றதால் விழுந்தாளா? இதைக் கேட்கிற மூளை அந்தக் கிளப்பில் ஒருத்தனுக்கும் கிடையாது.

14 ஜூலை, ஞாயிறு, காலை

ஜெட்டியில் உட்கார்ந்து எழுதுகிறேன். குதிகால் கழல்கிற சோதனையை முடித்துவிட்டு அவன் போட்டைக் கிளப்பப் போனதும், அந்த நீளும் நாடாவை உருவிப் போட்டேன். லோரியிலிருந்து கொண்டுவந்திருந்த மெல்லிய நைலான் கயிறு. கணுக்காலோடு சேர்த்து நம் முடிச்சு.

“ரொம்ப இறுக்கமா இருக்குப்பா. அவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு—”

“அவன்கிட்ட என்ன கேக்கறது?”

கயிற்றை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். இப்போது கழலட்டும், பார்க்கிறேன்.

அதே நாள்

ஈப்போ மருத்துவமனை. முழங்கால். சப்பாத்து விடவில்லை.

16 ஜூலை, செவ்வாய்

நேற்று விழுந்த மாதிரியேதான் விழுந்தாள் — நேற்று இல்லை, சனிக்கிழமை. அதே இடம், அதே மாதிரி. பலகை திரும்பியது. கால் அதனோடு போனது. சலீம் போட்டிலிருந்து குதித்து, தண்ணீருக்குள்ளேயே கத்தியால் கயிற்றை அறுத்தான். உள்ளே இரண்டு தசைநார் அறுந்திருக்கிறதாம். ஆபரேஷன்.

போட்டை வேகமாக ஓட்டினான். அதுதான் காரணம். அதுதானா? நான் என்னடா பண்ணேன்? நல்லாத்தானே கட்டினேன். எம்புள்ளைக்கு நல்லாத்தானே கட்டினேன்!

20 ஜூலை, சனி

கிளப்பில் விசாரணை. ஐந்து பேர், ஐந்து தண்ணீர் போத்தல், ஒரே கேள்வி: நாடா எப்படிக் கயிறானது? சுபத்ரா படுக்கையிலிருந்து போனில் சொன்னாள்: “நான்தான் மாத்திக் கட்டிக்கிட்டேன்.”

அவள் கட்டியிருந்தாலும் கடைசியாகப் பார்த்திருக்க வேண்டியது கோச் என்று சலீமை நிறுத்திவிட்டார்கள். அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. நான் தொப்பியைக் கழற்றி அதிலிருந்த அழுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் ஒரு ஆம்பளையாம்.

23 ஜூலை, செவ்வாய்

சுபத்ராவின் பைக்குள் அறுத்த கயிறு, முடிச்சு அப்படியே. எடுத்து என் முன்னால் வைத்தாள் என் மனைவி புனிதா. “அவளுக்கு எப்ப லோரி முடிச்சு போடத் தெரியும்?”

27 ஜூலை, சனி

சலீம் மறுபடியும் அண்ணன் கடையில் தே ஆற்றுகிறான். போய் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவனே ஆரம்பித்தான்.

“முடிச்சப் பாத்தவொடனே தெரியும்ணே. தினம் எங்க கட வாசல்லதான லோரி கட்டறீங்க.”

“அப்ப ஏன் சொல்லல?”

“அந்தப் புள்ள தண்ணிலயே கெஞ்சிச்சு. வலில கத்தல. ‘அப்பா பேரச் சொல்லிடாதீங்கண்ணே’ன்னு அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிச்சு.”

திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். “தே ஆறுது, குடிங்க” என்றான்.

தளர்ந்த ஆள் என்று இவனை எழுதினேன். இவன் வாய் பிடித்த பிடி என் எந்த முடிச்சிலும் இருந்ததில்லை. வீட்டுக்கு வந்து முதல் பக்கத்தில் ‘லொங்கார்’ என்பதை அடித்தேன். அடித்தால் ஆச்சா? எனக்குத்தான் அந்தப் பெயர், அதுவும் காறித் துப்பிக் கொடுக்க வேண்டிய பெயர்.

28 ஜூலை, ஞாயிறு

கயிறு கட்டியது நான்தான் என்று கிளப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வெளியே தேர்வு நடந்துகொண்டிருந்தது. மூன்று பேர் விழுந்தார்கள். மூன்று பேருக்கும் சப்பாத்து விட்டது. மூன்று பேரும் சிரித்துக்கொண்டே நீந்தி வந்தார்கள்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

சலீமைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். என்னை ஜெட்டிப் பக்கம் வரக் கூடாது என்றார்கள். ரொம்ப நியாயம்.

12 அக்டோபர், சனி

சுபத்ரா கைத்தடி இல்லாமல் வாசல்வரை நடந்தாள். அடுத்த வருஷம் தண்ணீரில் இறங்குவது பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லையாம்.

வெளியே போகலாம் என்றாள். அவளால் இன்னும் குனிய முடியாதே என்று நான் கீழே உட்கார்ந்து, காலை எடுத்து மடியில் வைத்து, செருப்பு வாரை மாட்டப் போனேன்.

“நானே போட்டுக்கறேம்பா.”

கோபமாகச் சொல்லவில்லை. காலை மெதுவாக இழுத்தாள். குதிகால் என் கையிலிருந்து கழன்றது. நான் பிடிக்கவில்லை.