அன்னாசி, கொய்யா, ஆரஞ்சுத் தோல்

சாந்தோம்
9.2.2025

அன்புள்ள ஜான்சி,

என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய். உன் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாலும் கதவைத் திறக்கமாட்டாய். அதனால்தான் காகிதம். அனுவுக்கு இருமல் குறைந்ததா?

ஒன்றைச் சொல்லவேண்டும். கேஸ் கசிந்த அன்று நான் குடித்துவிட்டுக் கிடக்கவில்லை. டிசம்பர் காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. ஓட்டலில் விஸ்கியை முகர்ந்து, சுவைத்து, நாலு பேருக்கு விளக்குவதுதான் என் பிழைப்பு. மூக்கு செத்துப்போனவனை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? யாரிடமும் சொல்லவில்லை. அன்று மத்தியானம் ஒரு மூடி விஸ்கி ஊற்றி, ஏதாவது தெரிகிறதா என்று முன்னறையில் முகர்ந்துகொண்டிருந்தேன். சமையலறையில் பால் பொங்கி அடுப்பு அணைந்தது தெரியவில்லை. நீ மீன் கடையிலிருந்து ஓடிவந்து, "குடிச்சிக்கினு கீறியா? தெரு வரிக்கும் கேஸ் நாத்தம், புள்ள மயங்கிக் கெடக்குது!" என்று கத்தினாய். ஆமாம் என்று தலையாட்டினேன். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம்.

22ஆம் தேதி எங்கள் தி.நகர் ஓட்டலில் ஒரு புது சிங்கிள் மால்ட் விஸ்கியை அறிமுகப்படுத்துகிறார்கள். பழ வாசனைதான் அதன் விசேஷமாம். நான்தான் பேசவேண்டும். ஆட்டோ டில்லிபாபுவிடம் சின்ன பாட்டில் ஒன்று கொடுத்தனுப்புகிறேன். கையில் எடுக்காமலே நேற்றைய வஞ்சிரத்தைக் கண்டுபிடிக்கிறவள் நீ. குடிக்க வேண்டாம், முகர்ந்து எழுது. உன்னைவிட்டால் எனக்கு யாருமில்லை.

உன்
மிக்கேல்


ஆதம்பாக்கம்
13.2.2025

அனு அப்பாவுக்கு,

பாட்டில் வந்தது. திறக்கவில்லை.

குடிகாரனைக் கட்டிக்கொண்டேனே என்று இத்தனை நாள் அழுதேன். என் அப்பா குடித்தே போனவர். குடிகாரர்களை எனக்குத் தெரியும். என்றாவது ஒருநாள் உங்களை மன்னித்தும் இருப்பேன். இப்போது என்ன சொல்கிறீர்கள்? வாசனை தெரியாது என்று தெரிந்தே, எட்டு வயதுப் பிள்ளையை உள்ளே தூங்கவிட்டு அடுப்பைப் பற்றவைத்தீர்கள். "நான் பாத்துக்கிறேன், நீ கடைக்குப் போ" என்றீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் போயிருப்பேனா?

அனு இங்கே ஜன்னலைச் சாத்தவிடுவதில்லை. கொசு பிடுங்கினாலும் விடுவதில்லை.

ஜான்சி


சாந்தோம்
15.2.2025

ஜான்சி,

நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

காப்பித்தூளை முகர்கிறேன். கருவாட்டை முகர்கிறேன். அனுவின் தலையணையை முகர்கிறேன். ஒன்றுமில்லை. விஸ்கி நாக்கில் எரிகிறது, கொஞ்சம் இனிக்கிறது, அவ்வளவுதான். பதினெட்டு வருஷம் இந்த மூக்கை நம்பி வாழ்ந்துவிட்டேன். வேறு வேலை தெரியாது, பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

ஒரே ஒருமுறை செய். கிளாஸை மூக்கோடு ஒட்டாதே, காரம் ஏறும். வாயை லேசாகத் திறந்துகொண்டு மெதுவாக முகர். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஐந்து நிமிஷம் பொறு. பழமெல்லாம் அதற்கப்புறம்தான் வெளியே வரும். அவசரப்பட்டால் வராது. காலில் விழுந்து கேட்கிறேன்.

மிக்கேல்


ஆதம்பாக்கம்
19.2.2025

அனு அப்பாவுக்கு,

அனு பள்ளிக்கூடம் போனபிறகு திறந்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் அப்போதுதான் நறுக்கிய அன்னாசி. தண்ணீர் விட்டபின் கொய்யா, விரல் வைத்தால் அமுங்குகிற பழுத்த கொய்யா. அதற்கு அடியில் தேன். கிளாஸில் இருந்ததைக் கொட்டிவிட்டு அப்படியே வைத்திருந்தேன். காய்ந்ததும் ஆரஞ்சுத் தோல், கிறிஸ்துமஸ் கேக்குக்கு ஊறவைத்த திராட்சை.

நல்ல வாசனைதான். பொய் சொல்லமாட்டேன். என் அப்பா குடித்ததில் ஒருநாளும் பழம் வாசனை வந்ததில்லை. பாட்டிலில் இருந்த மிச்சத்தையும் கொட்டிவிட்டேன்.

ஜான்சி


சாந்தோம்
24.2.2025

அன்புள்ள ஜான்சி,

சனிக்கிழமை நீ எழுதியதை அப்படியே சொன்னேன். கைதட்டினார்கள். மயிலாப்பூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், பத்ரிநாராயணன் என்று பேர், "கொய்யான்னேளே, நீங்க சொன்னப்பறம்தான் எனக்குப் பிடிபட்டுது. இதுல இன்னும் கொஞ்சம் தண்ணி விட்டுண்டேன். இப்போ என்ன வரதுன்னு சொல்லுங்கோ" என்று தன் கிளாஸை நீட்டினார்.

முகர்ந்தேன். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதையாவது சொல்லியிருக்கலாம். மாம்பழம் என்றால்கூட நம்பியிருப்பார்கள். கிளாஸை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"தெரியலை சார். ரெண்டு மாசமா எனக்கு எந்த வாசனையும் தெரியலை. சொன்னதெல்லாம் என் வீட்டுக்காரி மோந்து எழுதுனது" என்றேன்.

மேனேஜர் அங்கேயே இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். இன்று டாக்டரைப் பார்த்தேன். வாசனை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார்.

இனி மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை. வந்துவிடு ஜான்சி. அடுப்புப் பக்கமே போகமாட்டேன். தனியாக இந்த வீட்டில் என்னால் முடியவில்லை.

உன்
மிக்கேல்


ஆதம்பாக்கம்
3.3.2025

அனு அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முன்பின் தெரியாதவர்கள் அத்தனை பேர் முன்னால் ஒரே நிமிஷத்தில் சொல்ல முடிந்திருக்கிறது. எனக்குச் சொல்ல இரண்டு மாதம் ஆனது. அதுவும் நான் முகர்ந்து சொல்லவேண்டியிருந்ததால். இதை என்னால் தாண்டிவர முடியவில்லை. நாங்கள் வரமாட்டோம்.

அப்பா குடித்திருந்தார் என்றுதான் அனு இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் மாற்றிச் சொல்லவில்லை. அது நீங்கள் சொல்லவேண்டியது.

இனி எனக்கு எழுதவேண்டாம். அவளுக்கு எழுதுங்கள். கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுதினால் அவளே படித்துக்கொள்வாள்.

ஜான்சி