‘குறை ஏதும் இல்லை’ முத்திரை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கீழே சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். மூன்று நாளாகப் போனில் சரியாகப் பேசவில்லை என்று கோபித்துக்கொண்டாய். பேசினால் அழுதுவிடுவேன், அழுதால் நீ டிக்கெட் போட்டுவிடுவாய், அதனால்தான் கடிதம். உன் அப்பா பேப்பர் படிக்கிற பாவனையில் நான் என்ன எழுதுகிறேன் என்று எட்டி எட்டிப் பார்க்கிறார்.

சிறுவர் இல்லத்தின் கண்காணிப்புக் குழுவைக் கலைத்துவிட்டார்கள் என்று சொன்னேன் அல்லவா. தப்புச் செய்து பிடிபட்ட பிள்ளைகளை வழக்கு முடியும்வரை அடைத்து வைக்கும் இடம் அது, எட்டு வருஷமாக மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பதுதான் எங்கள் ஆறு பேர் வேலை. பின் கட்டடத்தில் பூட்டிய அறையில் பதினான்கு வயதுப் பையன் ஒருவனை முறிந்த கையோடு, வைத்தியம் பார்க்காமல், ஒன்பது நாள் போட்டு வைத்திருந்தார்கள். அது வெளியே வந்ததும் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புதிய குழுவைப் போட்டார்கள். இதுவரை உனக்குத் தெரியும். உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த ஒன்பது நாளில் ஐந்தாம் நாள் நாங்கள் அங்கே போயிருந்தோம். முன் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்தோம், வரிசையாக நிறுத்தியிருந்த பிள்ளைகளிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டோம், நல்லா இருக்கு மேடம் என்று ஒரே குரலில் சொன்னார்கள். முப்பது வருஷம் பி.டி. டீச்சராக விசில் ஊதினவள் நான், பிள்ளைகள் கோரஸாகச் சொன்னால் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா. தெரிந்தும் பதிவேட்டில் முத்திரை குத்திவிட்டு வந்தேன். ‘பார்வையிட்டோம், குறை ஏதும் இல்லை’ என்கிற ரப்பர் முத்திரை. மாதாமாதம் இதையே எழுதி விரல் மூட்டு வலிக்கிறது, ஒரு ஸ்டாம்ப் செய்து வைத்தால் என்ன என்று இரண்டு வருஷம் முன்னால் இல்லத்து எழுத்தரிடம் கேட்டவளும் நானே. அந்த மனுஷர் மறுவாரமே செய்துகொண்டு வந்தார். எல்லாரும் என் மூளையைப் பாராட்டினார்கள், நானும் பூரித்துப்போனேன், வெட்கக்கேடு.

போன திங்கட்கிழமை எங்கள் பழைய தலைவர் வீட்டுக்கு வந்தார். ரிட்டயர் ஆன நீதிபதி, தேனொழுகப் பேசுவார். முத்திரையை எழுத்தரே செய்து வைத்தார், நாங்கள் அவரை நம்பி ஏமாந்தோம் என்று ஆறு பேரும் ஒரே கடிதமாகப் புதிய குழுவுக்குக் கொடுத்துவிடலாம் என்றார். ஐந்து கையெழுத்து ஏற்கெனவே விழுந்திருந்தது. எழுத்தருக்கு ஓய்வுபெற இன்னும் ஒரு வருஷம்கூட இல்லை, அந்தக் கடிதம் போனால் அவர் வேலையும் போகும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். தலைவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியதும் உன் அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். அஞ்சு பேரும் போட்டாச்சு, உனக்கு மட்டும் என்ன வந்துச்சு, இந்த வயசுல கோர்ட்டு கேஸுனு அலைய உடம்புல தெம்பு இருக்கா என்று கத்தினார். பொல்லாத மனுஷர் இல்லை, பயம். நான் கையெழுத்துப் போடவில்லை. இரண்டு நாள் வீட்டில் மிக்ஸி சத்தம் தவிர வேறு சத்தம் கிடையாது.

நேற்றுக் காலை இல்லத்தில் புதிய குழு நடத்திய விசாரணைக்குத் தனியாகத்தான் போனேன். புதிய தலைவிக்கு உன் வயசுதான் இருக்கும். முத்திரை என் யோசனை, எழுத்தர் நான் கேட்டதைச் செய்தார் என்று சொன்னேன். அவள் எழுதிக்கொண்டே, எட்டு வருஷத்துல பின் கட்டடத்துக்கு எத்தனை தடவை போனீங்க என்று கேட்டாள். ஒரு தடவைகூட இல்லை என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இப்போதாவது அந்த அறையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். இனிமே உங்களுக்கு அனுமதி இல்லைம்மா என்று மரியாதையாகவே சொன்னாள். அந்த எட்டு வருஷத்தில் என்றைக்குக் கேட்டிருந்தாலும் எந்தச் சாவியையும் எடுத்து நீட்டியிருப்பார்கள். எழுத்தரை இப்போதைக்கு வேலையில் விட்டிருக்கிறார்கள். என் மேல் வழக்கு வருமா என்பது பதினைந்து நாளில் தெரியும், எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

வெளியே வந்தால் பெஞ்சில் அந்தப் பையனின் அம்மா. ஆஸ்பத்திரியிலிருந்து அவனை மறுபடி அங்கேயே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள், பார்க்கிற நேரம் வரட்டும் என்று காத்திருக்கிறாள். நான் இன்னும் குழுவில் இருப்பதாக நினைத்து எழுந்து நின்றாள். உள்ள போயிட்டுத்தானே வரீங்க மேடம், என் பிள்ளைக்கு விரலை மடக்க முடியுதா என்று கேட்டாள். தெரியாதும்மா, நான் பார்க்கலை என்றேன். பரவாயில்லை மேடம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

குட்டிக்கு இருமல் என்றாயே, தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு. மாப்பிள்ளையிடம் இதை நீயே சொல்லிவிடு, செய்தியில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம். அப்பாவுக்கு ஒரு போன் செய். மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க என் ஆசிகள். எனக்கு மறக்காமல் பதில் எழுது. கோபமாக இருந்தால் கோபமாகவே எழுது, அந்தத் தாய் மாதிரி நீயும் பரவாயில்லை என்று மட்டும் எழுதிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா