பிள்ளை பெறத் தகுதி

ஜூன் 12, வியாழன்

காலையிலிருந்தே புழுக்கம். மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒன்பது மணிக்கே கரண்டை நிறுத்திவிட்டார்கள். கரண்ட் தயாரிக்கிறவள் வீட்டில் பனையோலை விசிறி.

வாங்க வேண்டியது: ரவை, முந்திரி, பூ. அப்பாவின் இழைப்புளி, மரச்சுருள் எல்லாம் முன்கட்டிலிருந்து ஒதுக்க வேண்டும். நாளை மறுநாள் பெண் பார்க்க வருகிறார்கள், தேவகோட்டையிலிருந்து. மாப்பிள்ளை அனல் மின் நிலையத்தில், சாம்பல் பகுதி சூப்பர்வைசர். நான் அணு மின் நிலையம். "ரெண்டும் கரண்டு. பொருத்தத்துக்கு என்ன கொறை?" என்றாள் அத்தை. எனக்கும் சிரிப்பு.

ஜூன் 14, சனி

வந்தார்கள். தின்றார்கள். போனார்கள். ஆத்திரத்தில் எழுத்து கோணுகிறது.

மாப்பிள்ளையின் அம்மா, கேசரித் தட்டை வழித்துக்கொண்டே: "பொண்ணு அணு உலைக்குள்ள போய் வாராளாமே. பிள்ளை பெறத் தகுதின்னு டாக்டர்ட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கிக் குடுத்துருங்க. வேலையையும் விட்டுறட்டும்."

அம்மா தலையாட்டினாள்! 

உள்ளே போனால் என் நெஞ்சில் ஒரு பேட்ஜ். கதிர்வீச்சு எவ்வளவு பட்டது என்று அதை வாங்கிப் பார்ப்பார்கள். அளவு மீறினால் உள்ளே விடமாட்டார்கள். மாப்பிள்ளைக்கு? சாம்பல் பறக்கிற இடத்தில் மூக்கில் கட்ட ஒரு துண்டு. வந்து உட்கார்ந்ததிலிருந்து இருமல். "பஸ்ல தூசி" என்றது அந்தம்மா. அவரிடம் யாராவது சர்டிபிகேட் கேட்டார்களா?

ராத்திரி சாப்பிடவில்லை. "ஒரு காயிதந்தானடி, என்ன கொறைஞ்சு போச்சு?" என்கிறாள் அம்மா. குறைந்துதான் போச்சு.

ஜூன் 15, ஞாயிறு

வெயில். தலைவலி. அத்தை போன்: "மாப்பிள்ளை யூனிட்டை மூடப் போறாகளாம். இனிமே எல்லாம் சோலாருதானாம். அதுக்குள்ள கல்யாணத்தை முடிக்கணும்னு பறக்குறாக."

நல்ல நியாயம். அவர் வேலை போகப்போகிறது, ராஜினாமா நான் செய்ய வேண்டும்.

அவர் நம்பர் வாங்கி, கொல்லையில் நின்று நானே பேசினேன். "சர்டிபிகேட் தாரேன். நீங்க ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக் குடுங்க." கத்தித்தான் சொன்னேன்.

இருமல். பிறகு மெதுவாக: "எடுத்துட்டேங்க. நல்லால்ல. அம்மாவுக்குத் தெரியாது. நீங்களே வேண்டாம்னு சொல்லிருங்க. நான் சொன்னா ஏன்னு கேப்பாக."

கத்தியிருக்க வேண்டாம். ஆனால் இவ்வளவு தெரிந்தும் நேற்று வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாரே. அதுவும் எரிகிறது.

ஜூன் 16, திங்கள்

வேண்டாம் என்று சொல்லியாயிற்று. "அணு உலைத் திமிரு!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள் அத்தை. அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. தலைவலி மாத்திரை ஒன்று. லீவு முடிந்தது. பையில் துணி, ஊறுகாய்.

காரைக்குடி ஸ்டாண்டில் பஸ் ஏறியதும் போன். அந்தம்மா. திட்டப் போகிறது என்று நானும் தயாராகத்தான் எடுத்தேன். அழுகை.

"எம் பிள்ளைக்கு என்ன கொறைன்னு வேண்டாங்குற? சொல்லு தாயி."