பதினேழாம் பிழை

அன்புள்ள சின்னவளுக்கு,

நீ வரைந்த சூப்பர் ஹீரோ காமிக்ஸில் பதினெட்டுப் பிழைகளைச் சிவப்பு மையால் குறித்துத் திருப்பி அனுப்பினேன். மின்தூக்கிகளைச் சோதித்து அறிக்கை எழுதுபவனுக்கு வேறு விதமாகப் படிக்கத் தெரியாது. மூன்று மாதங்களாக நீ என்னோடு பேசவில்லை. புத்தக வெளியீட்டுக்கான அழைப்பும் உன் அம்மாவின் பெயருக்கு மட்டுமே வந்தது. அதில் பிழையேதும் இல்லை.

பதினேழாம் பிழை நினைவிருக்கும். உன் நாயகி பறக்கக்கூடியவள். ஆனாலும் ஆளில்லாச் சாலையில் சிவப்பு சிக்னலைக் கண்டால் கீழே இறங்கி நிற்கிறாள். ‘இவளைத் தடுப்பவர் யார்? காரணமற்ற செயல்’ என்று எழுதியிருந்தேன்.

நேற்று விடியற்காலையில் நானும் உன் அம்மாவும் பால் வாங்கப் போனோம். சாலையில் ஈ காக்கை இல்லை. சிக்னல் சிவப்பாக இருந்தது, வழக்கம்போல் நின்றேன்.

“வாங்களேன், யாரு பாக்கப் போறா?” என்றாள்.

“யாரும் பாக்காதப்பதான் நிக்கணும்.”

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அட மனுஷா! பாவாட கட்டி உங்களத்தான் வரைஞ்சிருக்கா. அதுக்கே தப்புப் போட்டு அனுப்பினீங்களே!”

நானும் சேர்ந்து சிரித்து நின்றதில், பச்சை வந்துபோய் மறுபடி சிவப்பு விழுந்தது. தடுக்க ஆளில்லாத வல்லமைக்குத் தானே நிற்பதுதான் அறம் என்பதை நாற்பது பக்கங்களில் வரைந்திருக்கிறாய். எனக்கு அது ஒரு பக்கத்திலும் விளங்கவில்லை.

பதினேழாம் பிழையைத் திரும்பப் பெறுகிறேன். ஒன்பதாவது மட்டும் நிற்கும்: கம்பி அறுந்தாலும் மின்தூக்கி அப்படி விழாது.

ஞாயிறன்று அம்மாவுடன் வெளியீட்டு மண்டப வாசல்வரை வருவேன். சிவப்புப் பேனா வீட்டிலேயே இருக்கும். நீ வந்து கூப்பிடும்வரை வெளியே நிற்பேன், யாரும் தடுக்காவிட்டாலும்.

உன் அப்பா