தலையில்லாத கியர் தண்டு

ஒவாஸோ, மிச்சிகன்
அக்டோபர், ஞாயிறு மாலை

அன்புள்ள எமெட்,

நலமா? அலாஸ்காவில் இதற்குள் பனி விழுந்திருக்கும். இங்கே இலைகள்தான். கூட்டவில்லை.

அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார். ஏணியிலிருந்து விழுந்தபோது அடிபட்ட இடது கால் அப்படியேதான். ஊன்றுகிறார், அழுத்த முடியாது. இனி முன்னேற்றம் இருக்காது என்றார் மருத்துவர். அப்பா அவரிடம், "அது கெடக்கட்டும், நீங்க என்ன கார் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

அவருடைய காரைப் பற்றி எழுதியிருந்தாய். புதுப்பிக்கும் வேலை முடிந்துவிட்டது. அறுபத்தொன்பதில் ஆலையை விட்டு வந்த நாளில் எப்படி இருந்ததோ, அப்படி. கதவு ரப்பர்கூட அந்த வருஷத்து அசல். ஒன்றே ஒன்று இல்லை. கியர் தண்டின் உச்சியில் குமிழ். மரை தெரிய, வெறும் கம்பியாக நிற்கிறது.

அவர் தன் பிள்ளைகள் நம் இருவரிடமும் சொன்னது உனக்கு நினைவிருக்கும். "கார் முழுசா முடியட்டும். வித்துட்டு எமெட்கிட்டப் போயிடறேன். டெல்லா சிகாகோவுக்குத் திரும்பிப் படிப்பை முடிக்கட்டும்." ஆக, ஒரு முட்டையளவு பிளாஸ்டிக்குக்காக நான் இங்கே இருக்கிறேன். ஜனவரியில் வராவிட்டால் என் இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவதாகப் பல்கலைக்கழகம் எழுதியிருக்கிறது. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

ஞாயிறுதோறும் உதிரிபாகச் சந்தை. ஈர வயல். தார்ப்பாய்மேல் கழற்றிய கார்கள். நான் வரலாறு படித்தவள். இப்போது குமிழ் படிக்கிறேன். அசலில் கியர் எண்களைச் செதுக்கி, பள்ளத்தில் கறுப்பு நிரப்பியிருப்பார்கள். நகலில் வெறும் அச்சு. நகம் வைத்தால் தெரியும். அசலின் வெள்ளை, வயதானவர்களின் பல்லைப் போலப் பழுத்திருக்கும். திருகி முடித்ததும் எண்கள் ஓட்டுபவரைப் பார்த்து நேராக நிற்க வேண்டும். சில அசல்களை யாராவது மினுமினுப்பாகத் தேய்த்து வைத்திருப்பார்கள். அவற்றை அப்பா தொடவும் மாட்டார். "மூஞ்சியையே சொரண்டிட்டானுங்க, பாவிங்க."

ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒரு குறை. இது இல்லை. இதுவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை அவர் காலுக்குப் பயிற்சி செய்யப் போயிருந்தார். நான் கராஜில் திருப்புளி தேடினேன். அடி இழுப்பறையில் ஒரு காப்பி டப்பா. உள்ளே பழைய காலுறைகள். ஒவ்வொரு காலுறைக்குள்ளும் ஒரு குமிழ்.

எல்லாம் அசல், எமெட். நகம் வைத்துப் பார்த்தேன். எனக்குத் தெரியாமல் வாங்கிச் சேர்த்திருக்கிறார்.

ஒன்றை எடுத்துத் தண்டில் திருகினேன். எண்கள் என்னைப் பார்த்து நேராக நின்றன. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு முன்னால் கராஜின் சுவர். இடது காலால் கிளட்சை அழுத்திப் பார்த்தேன். அவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது முறைதான் இறங்கியது.

கொஞ்ச நேரம் அப்படியே காலை வைத்திருந்தேன். இந்தக் குமிழ் ஏறிவிட்டால் கார் முடிந்தது. கார் முடிந்தால் ஓட்ட வேண்டும், அந்த இடது காலால்.

கழற்றினேன். காலுறைக்குள் போட்டேன். அவர் வந்ததும் சூப் சூடாக்கிக் கொடுத்தேன்.

இன்று இந்த ஆண்டின் கடைசிச் சந்தை. வெர்னை உனக்குத் தெரியும், பல் குத்திக்கொண்டே விற்பவர். தூரத்திலிருந்தே கத்தினார்: "என்ன லாய்ட், உன் குதிரைக்கு இன்னும் தலை கெடைக்கலையா? இந்தா, உனக்குன்னே எடுத்து வெச்சேன். இதையும் வேணாம்னா நீ மனுசனே இல்ல."

அப்பா அதை வாங்கி உருட்டினார். வெகுநேரம் உருட்டினார். வழக்கமாக உடனே குறை சொல்லிவிடுவார். இன்று என்னிடம் நீட்டினார்.

"நீ சொல்லு, டெல்."

பழுத்த வெள்ளை. நகம் பள்ளத்தில் இறங்கியது. அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிகாகோ என் உள்ளங்கையில் இருந்தது.

"அச்சடிச்சது," என்றேன். "இது இல்லை."

"உனக்குக் கண்ணு தெரியுமா தெரியாதா, பொண்ணே?" என்று வெர்ன் எகிறினார்.

"அவ இல்லைன்னா இல்லைதான்யா," என்றார் அப்பா. "படிச்ச பொண்ணு."

வீட்டுக்கு வரும் வழியில் 'ஆப்பிள் பை' பலகாரம் ஒரு துண்டு வாங்கச் சொன்னார். முழுத் துண்டையும் தின்றார். விசிலடித்தார். அடுத்த சந்தை வசந்தத்தில்தான். அதுவரை அவருக்குப் பயமில்லை. எனக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. சாத்தியது நான்தான்.

எமெட், நீ வர வேண்டும். நவம்பரில் நன்றி சொல்லும் நாளுக்கு, வான்கோழி விருந்துக்கு வருவதாகச் சொல்லிக்கொள். விற்பது பற்றிப் பேசாதே. எனக்கு ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டத் தெரியும். கிளட்சை அவர் உனக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். நீ ஓட்டுநர் இருக்கையில் உட்கார். அவர் பக்கத்து இருக்கையில். அவர் கைகளுக்கு ஒரு குறையும் இல்லை. நீ கிளட்சை அழுத்து. கியரை அவர் போடட்டும். வீதியின் கடைசி வரைக்கும் போனால் போதும்.

டப்பாவிலிருந்து ஒரு குமிழை நான் மாட்டி வைத்திருப்பேன். எண்கள் நேராக நிற்கும்.

சாலைகள் பத்திரம். பனிக்கு முன்னால் வந்து சேர்.

உனக்காகக் காத்திருக்கும்,
டெல்லா