ஆறடிக்கு மூன்றரை அடி

காட்டுவதையும் மறைப்பதையும் தன் தொழிலாகக் கொண்ட இறைவன் திருவடி துணை.

அன்பிற் குறையாத செல்வமகளுக்கு அப்பா ஆசி கூறி எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். மாப்பிள்ளையும் குழந்தைகளும் நலமாயிருக்க நாள்தோறும் வேண்டுகிறோம். இக்கடிதத்தைத் தபாலில் சேர்க்காமல், உன் ஊருக்குக் கருத்தரங்கிற்கு வரும் எதிர்வீட்டுப் பல் மருத்துவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் எரித்துவிடு.

உன் தம்பி வெளியூரில் வேலை கிடைத்துப் போயிருக்கிறான் என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். அது பொய். அவன் வேலை பார்த்த அச்சகத்தில், காணாமற் போனவர்கள் எங்கே என்று கேட்டு ஒரு துண்டறிக்கை அச்சானது. முதலாளியைப் படையினர் பிடித்துக் கொண்டுபோய்விட்டார்கள். அவர் இன்றுவரை வீடு திரும்பவில்லை. அவர்கள் தேடும் உன் தம்பி இங்கேதான் இருக்கிறான். பூஜை அலமாரிக்குப் பின்னால், நீ சிறுமியாக ஒளிந்து விளையாடிய சாமான் சந்தில் ஏழு வாரமாக இருக்கிறான். தெருவின் இரு முனையிலும் சோதனைச் சாவடி. வெளியே அனுப்ப வழியில்லை.

இனி நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். உன் தொடர்கதைக்கு வழக்கம்போல் நான்தானே மெய்ப்புத் திருத்துகிறேன். வாரிசுப் போரில் ஓலை எழுத்தன் ஒருவன் ஒளிந்துகொள்ளும் அத்தியாயத்தில், அவன் இருந்த அறை பத்தடிக்கு எட்டடி என்று நீ எழுதியிருந்தாய். எந்த வீடும் அவ்வளவு பெரிய அறையை ஒளிக்காது என்று எனக்குத் தோன்றியது. நாற்பது ஆண்டுகள் பிழை பொறுக்காத கண், சும்மா இருக்கவில்லை. ஆறடிக்கு மூன்றரை அடி என்று திருத்தினேன். வழிபாட்டு மாடத்துக்குப் பின்புறம் என்றும், தலைக்கு மேலே ஒரு செங்கல் பெயர்த்த காற்றுவழி என்றும் சேர்த்தேன். அச்சாகி வந்த பிறகுதான் என் கை எழுதியது எனக்கே உறைத்தது. எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னால் செங்கல் எண்ணி ஊருக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்களே என்று உன் அம்மா கேட்டாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இப்பகுதிப் படை அதிகாரி வந்தார். கையில் சுருட்டிய வார இதழ். உங்க பொண்ணு கதை வந்தா எங்க வீட்டுல யார் முதல்ல படிக்கிறதுன்னு அடிதடிதான் பெரியவரே என்று சிரித்தார். காப்பி குடித்தார். பிறகு, அது சரி, முந்நூறு வருஷத்துக்கு முந்தின அறைக்கு அரையடி வரைக்கும் கணக்கு எப்படித் தெரியும் என்று சிரித்த முகம் மாறாமலே கேட்டார். நீ பழஞ்சுவடிகளைப் பார்த்து எழுதுபவள் என்றேன். அவர் எழுந்து கூடத்துச் சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நடந்தார். பூஜை அலமாரிக்கு இரண்டடி இருக்கையில் உள்ளிருந்து ஓர் இருமல் கேட்டது. தூசி ஒத்துக்கொள்ளாத உடம்பு அவனுக்கு, நீ அறிவாய்.

மணியை எடுத்து அடித்தேன். என்ன ஓதுகிறேன் என்று அறியாமலே உரக்க ஓதினேன். வேளைகெட்ட வேளையில பூஜையா என்று கேட்டாலும், அவர் வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு வந்து கைகூப்பி நின்றார். என் குரல் தீரும்வரை நின்றார். இறைவனின் ஐந்தொழிலுள் மறைத்தலும் அருளே என்று எத்தனையோ சபைகளில் விளக்கம் சொல்லியிருக்கிறேன். அதை வேண்டுதலாகச் சொன்னது அன்றுதான்.

போகும்போது, அந்த எழுத்தன் தப்பிப்பானா மாட்டானா, அதை மட்டும் சொல்லுங்க என்றார். தெரியாது என்றேன். அப்ப அடுத்த இதழைப் படிச்சிட்டே வர்றேன் என்று சொல்லிப் போனார்.

அடுத்த அத்தியாயத்தின் மெய்ப்பு இப்போது என் மேசைமேல் இருக்கிறது. படைத்தலைவன் வீட்டின் வெளிச்சுவரைக் காலடியால் அளக்கிறான். உள்ளே வந்து அறைகளை அளக்கிறான். இரண்டு கணக்குக்கும் இடையே மூன்றரை அடி உதைக்கிறது. சுவரை இடிக்கச் சொல்கிறான். மகளே, நீ எழுதியவற்றுள் இதைப்போல் ஒன்றை நான் படித்ததில்லை. திருத்த ஓர் எழுத்துக்கூட அகப்படவில்லை. அதனால்தான் மெய்ப்பை வைத்துவிட்டு இக்கடிதத்தை எடுத்தேன். அளந்து பார்க்கும் வழி அந்த அதிகாரிக்கு இன்னும் தோன்றவில்லை. இது அச்சேறினால் தோன்றிவிடும்.

கதையை நிறுத்திவிடாதே, நிறுத்தினால் ஏன் என்று கேட்பார். சென்ற முறை நான் சேர்த்ததைக் கண்டபின், இனி உன் கையெழுத்தின்றி ஒரு வரியும் மாற்ற இதழாசிரியர் விடமாட்டார். வியாழனன்று அச்சுக்குப் போகிறது. பல் மருத்துவர் புதனன்று திரும்புகிறார். புதிய அத்தியாயத்தை எழுதி அவரிடமே கொடுத்தனுப்பு. எழுதியவர் கதைப்போக்கில் நான் ஒருநாளும் கைவைத்ததில்லை. இன்று கேட்கிறேன். அந்தப் படைத்தலைவன் அளக்காமலே போகட்டும். எழுத்தன் என்றைக்கோ வேறு நாட்டுக்குப் போய்விட்டான் என்று அவன் நம்பட்டும். கதை கொஞ்சம் சப்பென்று போனால் போகட்டும், மகளே.

உன் வீட்டின் எல்லாக் கதவுகளும் சன்னல்களும் அச்சமின்றித் திறந்திருக்கட்டும். உன் பிள்ளைகள் வாய்விட்டு இருமவும் சிரிக்கவும் இடம் குறையாதிருக்கட்டும். உன்னோடு பிறந்தவனும் நீயும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து உண்ணும் நாளை இறைவன் எங்கள் கண்ணுக்குக் காட்டியருளட்டும்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா