எலிக்கும் தம்பிக்கும் ஒரே புரதம்

2009 நவம்பர், வியாழன் இரவு

இது கையில் கிடைத்தால் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள், முக்கியமாக அம்மாவிடம்.

அப்பாவின் ஆய்வுக்கூடத்தில் எலியின் வெள்ளணுக்கள் மேல் இருக்கும் ஒரு புரதத்தை ஆராய்கிறார்கள். கிருமி வந்தால் அதுதான் மற்ற அணுக்களை எழுப்பிவிடும். அதை மருந்தால் தடுத்தால் எலி பார்க்க நன்றாகத்தான் இருக்குமாம், ஆனால் சாதாரணச் சளியே சாய்த்துவிடுமாம். தம்பி அருணுக்குப் பிறவியிலேயே அந்தப் புரதத்தின் மரபணு பழுது.

சாப்பிடும்போது அருண், "டாட், நானும் உங்க லேப் எலியா?" என்றான்.

"எலி இவ்ளோ பேசாதுடா," என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குள் என் இருமலை மறைத்துக்கொண்டேன்.

மூன்று நாளாக மறைக்கிறேன். தெரிந்தால் என்னைப் பக்கத்து ஊர் மில்பிடாஸில் இருக்கும் ஆன்ட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சனிக்கிழமை அவன் பிறந்தநாள். அக்கா இல்லாமல் கேக் வெட்ட மாட்டேன் என்கிறான்.

பிறகு அவன் தினமும் போல என் டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தான். நான் தடுக்கவில்லை. தடுத்தால் ஏன் என்று கேட்பார்கள்.

காலையில் சொல்லிவிடுவேன். கேக் போனால் போகட்டும். அவனுக்கு மட்டும் ஒன்றும்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா குரல். "முழிச்சிருக்கியாடி? தம்பிக்கு உடம்பு கொதிக்குது."